அது எங்கம்மா மூஞ்சி, டீச்சர்

கணபதி சாரின் மனைவி வசந்தா போன் செய்தபோது நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சர், அவரு போய்ட்டாரு" என்றார். அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. "கடைசியா வந்து பாத்த ஆளும் இந்திலதான் டீச்சர் பேசினாரு. அவரு காதுல கடைசியா வுழுந்தது அதுதான்" என்றார். கையில் இருந்த கோலமாவு தரையில் கொட்டிக்கொண்டே இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

கணபதி சாரை அறிந்தவர்களுக்கு வசந்தா சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் இதைப் படிப்பவர்களில் அவரிடம் ஓடவும் குதிக்கவும் கற்றவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரகடம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். அவர் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய அப்பா மணிமங்கலத்துக்காரர். பிழைப்புக்காக ரங்கூனுக்குப் போய், அங்கே ஒரு பர்மியப் பெண்ணை மணந்துகொண்டவர். தமிழர்கள் மூட்டை முடிச்சோடு பர்மாவை விட்டுத் திரும்பிய காலத்தில் மனைவியையும் குழந்தையையும் கப்பலேற்றிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தைதான் கணபதி. முகம் அப்படியே அம்மாவுடையது. உயர்ந்த கன்ன எலும்பு, தட்டையான மூக்கு, சிரித்தால் கோடாகிவிடும் கண்கள், எண்ணெய் வைத்தாலும் படியாத நேர்முடி. பேச்சு அப்படியே மணிமங்கலம்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் முகம் தெரிவதற்கு முன்பே குரலை உள்ளே அனுப்பிவிடுவார். வங்கியின் படியில் கால் வைக்கும்போதே, "இன்னாபா, கூட்டம் ஜாஸ்தியா கீதா?" என்று கேட்பார். டீக்கடைக்கு இரண்டு கடை முன்னாலிருந்தே, "சக்கர கம்மியா ஒண்ணு போடு நைனா" என்பார். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் சொன்னார்: "மூஞ்சி முன்னாடி போய்டுச்சுன்னா, நாக்கு அது பின்னாடியே ஓடிப்போய் அத்த புடிக்கணும் டீச்சர். சில எடத்துல புடிக்க முடியாது. அதான் நாக்க முன்னாடி அனுப்பிடறது."

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது பிள்ளைகள் அவரைக் கராத்தே சார் என்பார்கள். கராத்தேக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் கற்றுக்கொடுத்தது கபடியும் நீளம் தாண்டுதலும். ஆனால் பெற்றோர் தேடி வந்து, "எம் புள்ளைக்கு மட்டும் கொஞ்சம் தனியா சொல்லிக்குடுங்க சார்" என்று நிற்பார்கள். "தெரியாதுன்னு சொன்னா நம்ப மாட்டேன்றாங்க டீச்சர். அடக்கமா பேசறேன்னு நெனைக்கிறாங்க" என்று சலித்துக்கொள்வார்.

பிறகு நெல் விளைந்த இடங்களில் கம்பெனிகள் வந்தன. கொரியாக்காரர்கள் வந்தார்கள். கணபதி சார் ஒரே வருடத்தில் கொரியாக்காரர் ஆனார். நன்கொடை கேட்க நாங்கள் ஒரு கம்பெனிக்குப் போனபோது வாயில் காவலாளி எழுந்து நின்று அவருக்கு சல்யூட் அடித்தார். பின்னால் நின்ற தலைமையாசிரியரைத் தடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். இன்னும் சில வருடம் போனது. அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து, பிள்ளைப்பாக்கம் பக்கம் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கத் தொடங்கினார்கள். அதே கம்பெனி, அதே வாயில், அதே காவலாளி. "ஏய், கேட் பாஸ் கிதர்?" என்று இவரைப் பார்த்து இந்தியில் கேட்டாராம். "டீச்சர், என் மூஞ்சில ஒண்ணுமே மாறல. சல்யூட் மட்டும் எறங்கிப்போச்சு" என்று சிரித்தார் கணபதி சார்.

ஏழாம் வகுப்பில் நான் ஒரு செயல்பாடு வைப்பேன். தோட்டத்திலிருந்து இலைகளைப் பொறுக்கி வந்து ஒற்றுமை பார்த்துக் குவியல் குவியலாக வைக்க வேண்டும். எல்லாக் குழுவிலும் ஓர் இலை மிஞ்சும். பிள்ளைகள் ஒரு நிமிடம் விழிப்பார்கள். பிறகு அதை எந்தக் குவியலுக்காவது அடியில் சொருகிவிட்டு, "முடிச்சிட்டோம் டீச்சர்" என்பார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. கையில் ஓர் இலையோடு நிற்கப் பிடிக்காது, அவ்வளவுதான். அந்தக் காவலாளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பொன்னாடைக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்கு மேசை, பெஞ்சு கொடுத்தது. விழாவன்று தூறல். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிற ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த கணபதி சார் நனைவதைப் பார்த்து அவர்களில் ஒருவர் தன்னிடம் இருந்த ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு மேடை ஓரம் வந்து நின்றார். அவ்வளவுதான். ஊராட்சித் தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு நேரே அவரிடம் வந்து போர்த்தி, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "வெல்கம் சார், தேங்க்யூ சார்" என்றார். உண்மையான கொரிய அதிகாரி பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

கணபதி சார் மைக் பக்கம் குனிந்து, "போன மாசம் ஓட்டு கேட்டு எங்க வூட்டுக்கு வந்தப்ப தமிழ்லதான பேசினீங்க தலைவரே" என்றார். பந்தலே சிரித்தது. தலைவரும் சிரித்தார். கொரியாக்காரருக்கும் யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல அவரும் சிரித்தார். அன்று மாலை ஆசிரியர் அறையில் அவர் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். "எல்லாரும் சிரிச்சது நல்லதாப் போச்சு டீச்சர். சிரிக்கலன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு தெரியல" என்றார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் தன்னைக் கேலி செய்தவர்மேல் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம், "பி.டி. சார் எந்த ஸ்டேட்?" என்று கேட்டார். எங்கள் கணக்கு ஆசிரியர் முந்திக்கொண்டு, "நம்ம தமிழாளுதாங்க அவரு. பாக்கத்தான் அப்படி" என்றார். அவர் மனத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைக் கேட்டபடி உள்ளே வந்த கணபதி சார் கையிலிருந்த விசிலை மேசையில் வைத்தார்.

"பாக்கத்தான் அப்படின்னா இன்னா சார் அர்த்தம்?"

"அய்யோ, தப்பா ஒண்ணும் சொல்லல கணபதி. உன்ன வுட்டுக்குடுக்காமதான சொன்னேன்."

"என்ன வுட்டுக்குடுக்கல. எங்கம்மாவ வுட்டுட்டீங்களே" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அது எங்கம்மா மூஞ்சி, டீச்சர். அத்த தொடச்சிட்டுத்தான் நான் தமிழாளு ஆவணும்னா எனக்கு வாணாம்."

அன்றுதான் அவர் அம்மாவைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். ரங்கூனில் அந்த அம்மா ஒரு மரப்பட்டையைக் கல்லில் இழைத்துச் சந்தனம்போல் கன்னத்தில் பூசிக்கொள்வாராம். மணிமங்கலத்தில் அது கிடைக்காது. மஞ்சளைப் பூசிக்கொண்டார். தமிழ் கற்றுக்கொண்டார், அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார். கடைசி வரைக்கும் தெருவில் அவருக்குப் பெயர் சீனாக்காரம்மா. சீனாவை அவர் பார்த்ததே இல்லை. "சீனா இல்ல, பர்மான்னு ஒரு தடவ கூட அது யாருக்கும் திருத்திச் சொன்னதில்ல டீச்சர். நான்தான் சண்டைக்குப் போவேன். 'வுடுரா, முழுசா சொல்லணும்னா கப்பல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கேக்கறவன் நடுக்கடல்லயே எறங்கிப் போய்டுவான்'னு சொல்லும்" என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் எழும்பாது. தமிழர் என்றால் அம்மா விடுபட்டுப் போகிறார். பர்மாக்காரர் என்றால் அவர் பேச்சும், அவர் வாழ்ந்த வாழ்க்கையும் விடுபட்டுப் போகின்றன. கப்பலிலிருந்து தொடங்க யாருக்கும் நேரமில்லை.

இருவரும் ஓய்வுபெற்ற பிறகு அவர் காலையில் ஒரகடம் போகும் பேருந்துகள் நிற்கும் நிறுத்தம் வரை நடப்பார். அங்கே ஒருநாள் நடந்ததை என் வீட்டுக்கு வந்து சொன்னார். ஷிப்ட் முடிந்து கம்பெனி அடையாள அட்டையோடு நின்ற ஒரு பெண் இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர ஓடிவந்து, என்னவோ ஒரு மொழியில் கடகடவென்று பேசியிருக்கிறாள். மணிப்பூரோ, நாகாலாந்தோ, இவருக்குத் தெரியவில்லை. பழக்கப்படி குரலை உயர்த்தி, "நான் இந்த ஊருமா, தமிழு" என்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே அணைந்துவிட்டதாம். "சாரி அங்கிள்" என்று நகர்ந்துவிட்டாள்.

"எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீது அந்தப் பொண்ணு. அவுங்கப்பா மாரி இருந்திருப்பேன் போல" என்றார். "இத்தன வருசமா என்ன தப்பா பாத்தவன் எல்லாம் என்ன தள்ளித்தான் நிறுத்தினான். இது ஒண்ணுதான் டீச்சர் தப்பா பாத்து கிட்ட வந்துச்சு. நான் தொரத்திட்டேன்."

அடுத்து வந்த பல நாட்கள் அதே நேரத்துக்கு அதே நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்க்கவே இல்லை. ஷிப்ட் மாறியிருக்கும். ஆனால் அந்த முகச் சாயலில் யார் வந்தாலும் முதலில் சிரிப்பது, பிறகுதான் பேசுவது என்று பழக்கத்தை மாற்றிக்கொண்டார்.

அந்த நிறுத்தத்தில்தான் விழுந்தார்.

பக்கவாதம். காலை ஷிப்ட் பேருந்துகள் வந்து போகிற நேரம். நிழற்குடையின் பெஞ்சுக்குக் கீழே சரிந்து கிடந்தவரை நூறு பேராவது தாண்டிப் போயிருப்பார்கள். இரவு வேலை முடிந்த பிள்ளைகள் அங்கே அப்படிப் படுத்துத் தூங்குவது வழக்கம். நானும் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறேன். யாரோ வடநாட்டு ஆள் அசந்து தூங்குகிறார், அல்லது குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் அனுப்ப அன்று அவரிடம் குரல் இல்லை. கடைசியில் வேன் ஓட்டும் பழைய மாணவன் ஒருவன்தான், "டேய், நம்ம பி.டி. சாருடா" என்று கத்திக்கொண்டு வண்டியை நிறுத்தியிருக்கிறான். மருத்துவமனையில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கியவர் வசந்தாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உயிர் இருந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்க்கப் போன முதல் நாள் ஒரு நர்ஸ் பெண் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாதாஜி, பானி? தோடா பானி?" என்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிருதுவான கை. "அவருக்குத் தமிழ்லயே சொல்லும்மா" என்றேன்.

"இவுக தமிழா?" என்று திகைத்துப் போனாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "நான் இவுகளுக்குன்னே செல்லுல பாத்து நாலு இந்தி வார்த்தைல்லா படிச்சு வச்சிருக்கேன். பேசாம கெடக்காவளே, பாஷை புரியாமத்தான் மருகுதாவளோன்னு..." அவள் கண் கலங்கிவிட்டது. என்னால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஊரைவிட்டு வந்த பெண், ஊரைவிட்டு வந்தவர் என்று தான் நினைத்த ஒருவருக்காகப் பாடுபட்டிருக்கிறாள்.

அவள் அதன் பிறகு, "அப்பா, எப்படி இருக்கிய?" என்றுதான் கேட்டாள். ஆனால் அவள் ஷிப்ட் முடிந்தால் அடுத்த ஆள் வருவார். ஸ்கேன் எடுக்க ஒருவர், ரத்தம் எடுக்க ஒருவர், தரை துடைக்க ஒருவர். ஒவ்வொருவரும் முகத்தைப் பார்ப்பார்கள், இந்தியில் தொடங்குவார்கள். வசந்தா, "தமிழுங்க, தமிழு" என்பார். "அப்படியாம்மா, பாத்தா தெரியல" என்பார்கள். நாள் முழுக்க இதேதான். ஒருமுறை பொறுக்க முடியாமல் நானே சற்று உரக்க, "அவர் சுத்தத் தமிழருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கணபதி சாரைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை நன்றியா, அன்று விசிலை மேசையில் வைத்தபோது இருந்த பார்வையா என்று எனக்குத் தெரியவில்லை. இனி கேட்கவும் வழியில்லை. அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்வது.

அப்படியேதான் போனார்.

மணிமங்கலத்தில் அவர் தெருமுனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பழைய மாணவர்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டி முடித்திருந்தார்கள். ஆள் உயரத்துக்குப் படம். பார்த்ததும் தெரு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பெயர் அவருடையது. சட்டை அவருடையது. கண்கள் அகலமாகத் திறந்து, மூக்கு எடுப்பாக, யாரோ ஒரு மாப்பிள்ளைபோல ஒருவர் அதில் நின்றார்.

வசந்தா வெளியே வந்து அதன் முன்னால் நின்றார். "இது யாரு டீச்சர்?" என்றார்.

பேனர் அடித்தவனும் அவருடைய மாணவன்தான். மாலைகளோடு நின்றுகொண்டிருந்தான். பெயர் சீனு. "போட்டோல கண்ணு மூடின மாரி இருந்துச்சு டீச்சர். சாருக்குப் போயி கண்ணு மூடின படத்த வெக்கறதான்னு... அதான் கம்ப்யூட்டர்ல தொறந்து வுட்டேன். மூக்கும் கொஞ்சம் தூக்கி வுட்டேன். நல்லாத்தான இருக்காரு?" என்றான்.

சிரித்தால் கோடாகிவிடும் கண்கள் என்று மேலே எழுதினேனே, அந்தப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் சீனுவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அந்தப் பெரிய ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "கழட்டிடட்டா டீச்சர்?" என்றான். அதற்குள் பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவர் அம்மாவின் முகத்தோடு கணபதி சார் படுத்திருந்தார். அவரைத் தெருமுனை வழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது, அந்த அகலக் கண்களுக்குக் கீழேதான் போனார். நானும் வசந்தாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு சீனு தன் செலவில் புது பேனர் அடித்து வந்து கட்டினான். இந்த முறை எதையும் தொடவில்லை. சிரிக்கும் கோடு, தட்டை மூக்கு, படியாத முடி, எல்லாம் அவர். வசந்தா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

காரியம் முடிந்து நான் அந்தப் பேனருக்கு அடியில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றேன். ஆட்டோ வந்தது. ஓட்டி வந்த பையன் அண்ணாந்து பார்த்தான். "இன்னா மேடம், இந்த இந்திக்காரரு இந்தத் தெருவுலயா இருந்தாரு?"

"இந்த ஊர்க்காரர்தாம்பா. எங்க ஸ்கூல் வாத்தியார். அந்த மூஞ்சி அவங்கம்மாவோடது."

"ஓ" என்றான். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "அம்மா இந்திக்காரங்களா?" என்றான்.

அவருடைய விசிலை வைத்துக்கொள்ளச் சொல்லி வசந்தா கொடுத்தார். அது என் அலமாரியில் இருக்கிறது. அதைவிட, எதையும் விடாமல் அவரை முதலிலிருந்து சொல்லும் வேலைதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது என்று நினைக்கிறேன். அந்த ஆட்டோவிலேயே தொடங்கினேன். "இல்லப்பா, ரங்கூன்னு ஒரு ஊரு" என்று ஆரம்பித்தேன். பையன் நல்லவன், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். நடுவில் இரண்டு பேர் ஏறினார்கள், சில்லறைக்கு ஒரு தகராறு வந்தது, லாரிகள் வழிவிடவில்லை. நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

படப்பை வந்துவிட்டது. நான் இறங்க வேண்டியிருந்தது. கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது.